'வழிதவறி வந்தது' என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள்: வனவிலங்கு மேலாண்மை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனவிலங்கு மேலாண்மை அதிகாரிகளுக்கும், பரவல் வரைபடங்களுக்கு ஒப்புதல் தரும் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஒரு விலங்கு வாழும் இடம் என்று பரவல் வரைபடத்தில் வண்ணம் தீட்டிய பகுதிக்கு வெளியே அது தென்பட்டால், உங்கள் படிவத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டம்தான் அதற்குக் காத்திருக்கிறது: 'வழிதவறி வந்தது'. அதில் குறியிட்ட உடனே அடுத்த வேலையும் தானாக முடிவாகிவிடுகிறது. பெரிய விலங்கு என்றால் மயக்க ஊசி, கூண்டு, லாரி, 'பழைய இடத்தில்' விடுவிப்பு. சிறியது என்றால் ஒரு புகைப்படம், ஒரு செய்திக்குறிப்பு. பயிரையோ மீன்பிடிப்பையோ தொட்டுவிட்டால் ஒழிப்பு உத்தரவு.

பரவல் எல்லைகளை ஆராய்வதே எங்கள் வேலை. உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஏன் வந்தது என்பது தெரியும்வரை, என்ன செய்வது என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு விலங்கு எல்லை தாண்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றுக்குப் பொருந்தும் நடவடிக்கை மற்றொன்றில் நிலைமையைக் கெடுத்துவிடும்.

முதலில் எல்லை என்பதைப் பற்றி. வரைபடத்தில் இருக்கும் கோடு ஒரு வேலி போலத் தெரிகிறது. உண்மையில் அது, ஏதோ ஒரு காலத்தில் யாரோ தேடிய இடங்களில் கண்டதையும் காணாததையும் இணைத்து வரைந்த கோடு. அந்தக் கோட்டை அங்கே நிறுத்துவது குளிராக இருக்கலாம், வெப்பமாக இருக்கலாம், தண்ணீராக, இரையாக, அல்லது போட்டி விலங்காக இருக்கலாம். ஒரே இனத்துக்கு வடக்கு எல்லையில் ஒரு காரணமும் தெற்கு எல்லையில் வேறு காரணமும் இருப்பது சாதாரணம். செந்நரியையும் துருவ நரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். செந்நரி வடக்கே எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த நிலத்தில் கிடைக்கும் இரை தீர்மானிக்கிறது. துருவ நரி தெற்கே எவ்வளவு தூரம் வரும் என்பதைத் தீர்மானிப்பது செந்நரி. ஆகவே துருவ நரியின் தெற்கு எல்லை சுருங்கும்போது, வெப்பம் துருவ நரியைத் தாக்குகிறது என்று எழுதுவது பாதி உண்மைதான். செந்நரிக்கு அங்கே கூடுதலாகத் தீனி கொடுத்தது எது என்று தேட வேண்டும். சில சமயம் அது பருவநிலை, சில சமயம் மனிதர்களின் குப்பைமேடு. குப்பைமேடு என்றால் தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது.

இனி காரணங்களுக்கு வருவோம். இவற்றில் அதிகம் நடப்பதும், அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இளம் விலங்கு பிறந்த இடத்தை விட்டுப் பிரிந்து போவது.

பிரிந்து போவது கோளாறு ஆகாது. உடன்பிறந்தவற்றோடு இணைசேராமல் தவிர்க்கவும், வளர்ந்த விலங்குகளின் ஆதிக்கத்திலிருந்து விலகவும், காலியான இடம் தேடவும் இளம் விலங்குகள் கிளம்புகின்றன. பாலூட்டிகளில் பெரும்பாலும் ஆண்கள் தொலைதூரம் போகின்றன. பறவைகளில் பெரும்பாலும் பெண்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு என்றாலும், தனியாக வந்த விலங்கைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அதன் வயது என்ன, பால் என்ன? தனியாக வந்த இளம் ஆண் பாலூட்டி என்றால் பத்தில் எட்டு பங்கு சந்தேகம் இதன்மேல் விழட்டும். (இந்த 'பத்தில் எட்டு' கணக்கெடுப்பு எண் இல்லை, எங்கள் பந்தய விகிதம்.)

போகும் தூரத்தைக் கேட்டால் மலைப்பு வரும். 2018இல் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலிருந்து கிளம்பிய ஓர் இளம் பெண் துருவ நரி, கடற்பனியையும் கிரீன்லாந்தின் பனிப்படலத்தையும் நடந்தே கடந்து 76 நாட்களில் 3,506 கி.மீ. போய் கனடாவின் எல்ஸ்மியர் தீவை அடைந்தது. ஒரே நாளில் 155 கி.மீ. போன நாளும் உண்டு. 2019இல் மகாராஷ்டிரத்தின் திப்பேஷ்வர் சரணாலயத்தை விட்டுக் கிளம்பிய ஓர் இளம் ஆண் புலி, ரேடியோ காலருடன் ஏறத்தாழ 3,000 கி.மீ. சுற்றி தியான்கங்கா சரணாலயத்தில் தங்கியது. அங்கே வேறு புலி இல்லை. 2011 ஜூனில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் காரில் அடிபட்டு இறந்த ஒரு ஆண் மலைச்சிங்கத்தின் மரபணு, தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதிக் கூட்டத்தோடு பொருந்தியது. 2,400 கி.மீ.க்கும் அதிகமான தூரம். அது வழியில் விட்டுச்சென்ற எச்சமும் முடியும் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் ஏற்கெனவே சேகரிக்கப்பட்டிருந்ததால்தான் பாதையே தெரிந்தது. அந்த மாதிரிகளைக் குப்பையில் போட்டிருந்தால், யாரோ வளர்த்துத் தப்பவிட்ட விலங்கு என்று கோப்பு மூடப்பட்டிருக்கும்.

இப்படிப்பட்ட விலங்கை என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் வழிவிடுவதுதான் வேலை. இதைக் கேட்டால் உங்களில் சிலருக்குக் கோபம் வரும், ஏனெனில் மக்கள் உங்களிடம் நடவடிக்கையை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் வழிவிடுவதும் நடவடிக்கைதான், அதுவும் எளிதானதில்லை. கூட்டத்தைக் குறைந்தது சில நூறு மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும், அது போகக்கூடிய திசையைத் திறந்து வைக்க வேண்டும், இரவு வரை காத்திருக்க வேண்டும், அருகிலுள்ள சாலையில் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். நான்கு பக்கமும் ஆட்கள் சூழ்ந்தபின் விலங்கு பாய்ந்தால், அதைத் 'தாக்குதல்' என்று பதிவு செய்வது நியாயமில்லை. ஓட வழி இல்லாததால் பாய்ந்தது அது.

பிடித்துப் பழைய இடத்தில் விடுவதால் என்ன கெடுகிறது என்பதற்கு ஆதாரம் நிறைய உண்டு. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001இல் தொடங்கிய திட்டத்தில் 29 சிறுத்தைகள் பிடிக்கப்பட்டு வேறிடங்களில் விடப்பட்டன. அதற்குமுன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர்மீதான தாக்குதல், அதன்பின் 17 ஆனது. இலங்கையில் இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளைச் செயற்கைக்கோள் காலர் மூலம் தொடர்ந்தபோது, சில திரும்பி வந்தன, சில எங்கெங்கோ அலைந்தன, சில விட்ட இடத்திலேயே தங்கின. பிரச்சினை தீராமல் இடம் மாறிப் பெருகியது, யானைகளும் செத்தன. ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்லப்பட்ட ஒரு செம்மூக்கு முதலை, முனையைச் சுற்றி 400 கி.மீ.க்கு மேல் நீந்தி 20 நாட்களில் வீடு வந்து சேர்ந்தது. இவற்றின் காரணம் எளிது. விட்ட இடத்தில் ஏற்கெனவே வேறு விலங்குகளின் ஆட்சி இருக்கிறது. தண்ணீர் எங்கே, மறைவு எங்கே என்பது புதுவிலங்குக்குத் தெரியாது. திசையறிவு மட்டும் கெடாமல் இருக்கிறது. ஆக, அறிமுகமில்லாத ஊர்களின் ஊடே, பதற்றத்தோடு, திரும்ப நடக்கிறது. பிரிந்து கிளம்பிய இளம் விலங்குக்கோ 'பழைய இடம்' என்பதே கிடையாது. அங்கிருந்துதான் அது கிளம்பியது.

இரண்டாவது வகை, கூட்டமாக வந்து கூட்டமாகப் போவது. உணவு திடீரெனக் குறைவதோ, அளவுக்குமேல் கிடைத்து எண்ணிக்கை பெருகுவதோ இதற்குக் காரணமாகலாம். குறுக்கலகுச் சில்லைகள், தாங்கள் நம்பியிருக்கும் ஊசியிலை மரங்களில் கூம்புகள் காய்க்காத ஆண்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்கும். 2013-14 குளிர்காலத்தில் கிழக்கு வட அமெரிக்காவில் பனி ஆந்தைகள் எதிர்பாராத எண்ணிக்கையில் தெற்கே வந்தபோது, வடக்கே பட்டினி, அதனால் ஓடி வந்தன என்றே பலரும் எழுதினார்கள். நடந்தது நேர்மாறு. அந்தக் கோடையில் லெம்மிங் எலிகள் ஏராளமாக இருந்ததால் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன, வந்தவற்றில் பெரும்பாலானவை அந்த இளம் பறவைகளே. பிடித்து எடை பார்த்தபோது பெரும்பாலும் நல்ல உடற்கட்டோடு இருந்தன.

அதனால் களத்தில் இறந்த பறவையோ மீட்ட பறவையோ கைக்கு வந்தால் மார்பெலும்பை விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு கத்திபோல் நீட்டிக்கொண்டிருந்தால் பட்டினி. இருபுறமும் தசை நிரம்பி எலும்பு விளிம்பு மட்டும் தட்டுப்பட்டால் நல்ல நிலை. அரை நிமிட வேலை, ஆனால் 'பட்டினி' என்று தலைப்பிட்ட அறிக்கையைத் தடுத்துவிடும். இந்த வகைக்கு உணவு வைப்பது, கூண்டில் அடைப்பது இரண்டுமே வேண்டாம். பருவம் மாறியதும் பெரும்பாலானவை போய்விடும். விமான ஓடுபாதை போன்ற திறந்த சமவெளிகளில் இறங்கும் ஆந்தைகளை மட்டும் அப்புறப்படுத்த வேண்டியிருக்கும்.

உண்மையிலேயே வழிதவறும் விலங்குகளும் உண்டு, மறுக்கவில்லை. புயலில் அடித்துச் செல்லப்படும் கடற்பறவை, உள்ளே பிறந்த திசைமானி பிசகி எதிர்த்திசையில் வலசை போகும் இளம் பறவை. ஆசியாவின் வடகிழக்குக் கரைக்கு உரிய ஒரு ஸ்டெல்லர் கடற்கழுகு 2020இல் அலாஸ்காவின் உட்பகுதியில் தென்பட்டு, 2021இல் டெக்சாஸ், கிழக்குக் கனடா, மாசச்சூசெட்ஸ் என்று சுற்றியது. அதற்காக அதன் வரைபடத்தை யாரும் மாற்றத் தேவையில்லை. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சைபீரியாவில் இனப்பெருக்கம் செய்து ஆசியாவில் குளிர்காலம் கழிக்கும் ரிச்சர்ட் நெட்டைக்காலி, மேற்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் 'வழிதவறிய பறவை' என்ற கணக்கிலேயே இருந்தது. அவற்றில் சில ஆண்டுதோறும் அதே குளிர்கால இடத்துக்குத் திரும்பி வருவது பின்னர் வளையமிட்டும் கருவி பொருத்தியும் உறுதியானது. தவறு, பரம்பரை வழியாகிவிட்டது. மூன்று குளிர்காலம் தொடர்ந்து வந்தாலே அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இனி பருவநிலை. இதைப்பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் ஒரே வாக்கியத்தில்: வெப்பம் கூடுகிறது, விலங்குகள் துருவத்தை நோக்கியும் மலைமேலும் போகின்றன. இந்த வாக்கியம் சராசரியில் சரி. உங்கள் பகுதியில் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சராசரியை முதலில் சொல்லிவிடுகிறோம். 2003இல் வெளியான தொகுப்பாய்வு, இனங்கள் பத்தாண்டுக்கு 6.1 கி.மீ. துருவம் நோக்கி நகர்வதாகக் கணக்கிட்டது. 2011இல் வந்த மற்றொன்று 16.9 கி.மீ. என்றது, உயரத்தில் பத்தாண்டுக்கு 11 மீட்டர். கடல் இனங்கள் நிலத்து இனங்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகமாகத் துருவம் நோக்கி நகர்கின்றன. கடலில் வேலி இல்லை, சாலை இல்லை, வயல் இல்லை. தவிர, பெரும்பாலான கடல் விலங்குகள் தங்கள் வெப்பத் தாங்குதிறனின் விளிம்புக்கு அருகிலேயே வாழ்கின்றன.

நிலத்தில் உயரம் 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதாவது ஒரு டிகிரி வெப்பத்திலிருந்து தப்ப மலையில் சுமார் 150 மீட்டர் ஏறினால் போதும். சமவெளியில் அதே ஒரு டிகிரிக்குச் சுமார் 150 கி.மீ. போக வேண்டும். மலையை ஒட்டிய காப்பகமும் சமவெளிக் காப்பகமும் ஒரே மேலாண்மைத் திட்டத்தில் அடங்காது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். மலையடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே தொடர்ச்சியான காடு இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். சமவெளியில் கிலோமீட்டர் கணக்கில் வழித்தடம் வேண்டும். இதில் நடக்கும் தவறு: உச்சியைக் காப்பாற்றிவிட்டு நடு உயரத்தைத் தோட்டங்களுக்கும் விடுதிகளுக்கும் விட்டுவிடுவது. மேலே இருப்பவற்றுக்கு ஏற இடமில்லை, கீழே இருப்பவற்றுக்கு ஏற வழியில்லை. பெருவின் ஒரு மலைமுகட்டில் 1985இல் செய்த பறவைக் கணக்கெடுப்பை 2017இல் மீண்டும் செய்தபோது, முகட்டில் மட்டுமே வாழ்ந்த சில இனங்கள் அங்கே இல்லாமலே போயிருந்தன.

எல்லாம் மேலேதான் போகின்றனவா? கலிபோர்னியாவின் யோசெமிட்டி பகுதியில் நூறாண்டுக்கு முன் நடந்த கணக்கெடுப்பைத் திரும்பச் செய்தபோது, 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி சராசரியாக 500 மீட்டர் அளவு மேலே எல்லையை மாற்றியிருந்தன. மற்ற பாதி அப்படிச் செய்யவில்லை. அதே மலைத்தொடரின் பறவைகளில், வெப்பம் மேலே தள்ளியது, மழை கூடிய இடத்தில் ஈரம் கீழே இழுத்தது. ஆகவே உங்கள் பகுதியில் ஒரு பறவை கீழே இறங்கி வந்தால் அது கோட்பாட்டை மீறவில்லை. மழைப்பதிவை எடுத்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, எங்களுக்கு மிகவும் உறுத்தும் விஷயம். 'இனம் நகர்ந்தது' என்ற சொல் பல நேரம் ஏமாற்றுகிறது. மேற்கு வட அமெரிக்காவின் எடித் கட்டப்புள்ளி வண்ணத்துப்பூச்சியை 1996இல் ஆராய்ந்தபோது, அதன் பரவலின் சராசரி நிலை 92 கி.மீ. வடக்கேயும் 124 மீட்டர் உயரேயும் மாறியிருந்தது. எந்தப் பூச்சியும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவில்லை. தெற்கேயும் தாழ்விடத்திலும் இருந்த கூட்டங்கள் அழிந்துபோனதால் மீதி இருந்தவற்றின் சராசரி மாறியது. பரவல் நகரும் பக்கத்து முன் எல்லையில் புதிதாக ஒன்று வந்தால் செய்தி ஆகிறது, அது விட்டுவரும் பக்கத்துப் பின் எல்லையில் ஒன்று இல்லாமல் போனால் யாரும் சொல்வதில்லை. தீவுகளில் பின் எல்லையும் முன் எல்லையும் ஒன்றே. ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் இடையே, கடல்மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டரே உயர்ந்த பிராம்பிள் கே மணல்தீவில் வாழ்ந்த மெலோமிஸ் எலி கடைசியாக 2009இல் காணப்பட்டது. 2019இல் அழிந்த இனமாக அரசு அறிவித்தது. நகர வழி இல்லாத இனங்களின் பட்டியல் உங்களிடம் தனியாக இருக்க வேண்டும்.

எல்லை மாற்றத்தில் ஒரே காரணம் தனியாக வேலை செய்வதும் அபூர்வம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரைக்குரிய நீள்முள் கடல் முள்ளெலியைப் பாருங்கள். அதன் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து செல்பவை. 12 டிகிரிக்குக் கீழே அவை வளராது. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வலுப்பெற்று டாஸ்மேனியாவின் குளிர்காலக் கடல் அந்த வரம்பைத் தாண்டியதும், 1970களின் இறுதியில் அங்கே தென்படத் தொடங்கிய இனம் குடியேறிவிட்டது. ஆனால் குடியேறியது வேறு, கடற்பாசிக் காடுகளை மொட்டையடித்தது வேறு. இரண்டாவதற்கு வெப்பம் மட்டும் போதவில்லை. முள்ளெலியைத் தின்னக்கூடிய பெரிய பாறை இறால்கள் அதிகமாகப் பிடிக்கப்பட்டுக் குறைந்திருந்தன. கடலின் வெப்பத்தை ஒரு மீன்வளத் துறையால் குறைக்க முடியாது, இறாலின் பிடிப்பு அளவைக் குறைக்க முடியும். அங்கே அதைத்தான் செய்கிறார்கள், கூடவே முள்ளெலியை உணவுக்காக அறுவடை செய்யவும் ஊக்கம் தருகிறார்கள். காரணங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் எது கைக்கு எட்டும் என்று தெரிகிறது.

எல்லை நகர்வுக்கு ஒப்பந்தம் தயாராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டிக் கானாங்கெளுத்தி ஒரு பாடம். ஐஸ்லாந்து பிடித்த அளவு 2006இல் ஏறத்தாழ 4,000 டன், 2008இல் 1,00,000 டன்னைத் தாண்டியது. மீன் தான் இரைதேடும் எல்லையை விரித்துக்கொண்டு வந்திருந்தது, பங்கீட்டு விதிகளோ பழைய எல்லைப்படி எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு நாடும் தனக்குத்தானே அளவு நிர்ணயித்துக்கொள்ள, மொத்தம் அறிவியல் பரிந்துரையை ஆண்டுக்கணக்கில் தாண்டியது. 'இந்த இனம் எங்கள் கடலுக்கு வந்தால்' என்ற ஒரு பிரிவை மீன் வருவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள். வந்தபின் எழுத முடிந்ததை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்து, நாமே கதவு திறந்துவிட்ட இனங்கள். உண்ணிக்கொக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தானே பறந்து கடந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்நூற்றாண்டில் தென் அமெரிக்காவை அடைந்தது. 1941இல் புளோரிடாவில் தென்பட்டு, 1953இல் அங்கே கூடு கட்டியது. கடல் தாண்டிய கொக்குகள் அதற்கு முன்பும் இருந்திருக்கலாம், ஆனால் போய் இறங்கிய இடத்தில் காடழித்து உருவாக்கிய மேய்ச்சல் நிலமும் மாடுகளும் காத்திருந்தது அப்போதுதான். கொயோட்டி வட அமெரிக்காவின் திறந்தவெளிகளிலிருந்து கிழக்குக் கடற்கரை வரையும் தெற்கே பனாமா வரையும் பரவியதற்கு ஓநாய்களை அழித்ததும் காடுகளை வெட்டியதும் துணை நின்றன. ஐரோப்பாவில் பொன்னிறக் குள்ளநரிக்கும் ஏறத்தாழ இதே கதை. பால்கன் பகுதியிலிருந்து கிளம்பி 2013இல் எஸ்தோனியா, 2015இல் டென்மார்க், 2020இல் நார்வே. பால்டிக் நாடுகளில் யாரோ கொண்டுவந்து விட்டிருப்பார்கள் என்ற சந்தேகம் எழுந்தபோது, மரபணுச் சோதனை அவை தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் காக்கசஸ் பகுதியிலிருந்தும் தாமாக வந்தவை என்பதையே சுட்டியது. மனிதர் கொண்டுவந்த அயல் இனமா, தானாக வந்தேறிய இயல்பினமா என்பதில்தான் சட்டத்தின் முழுப்பொருளும் மாறுகிறது. அதைச் சந்தேகத்தின் பேரில் முடிவு செய்யாதீர்கள்.

கடைசி வகை, நாம் சுமந்து சென்றவை. இங்கே மட்டும் எங்கள் பொறுமை உபதேசம் செல்லாது. உடனே செயல்பட வேண்டும். புலிக்கொசுவின் முட்டை ஈரமின்றியே மாதக்கணக்கில் தாங்கும். பழைய டயர்களின் உட்குழிவில் ஒட்டிக்கொண்டு 1985இல் ஹூஸ்டனுக்கும் 1990இல் இத்தாலிக்கும் போனது. கப்பல் நிலையாக மிதக்க அதன் தொட்டிகளில் நிரப்பும் நிலைப்பாட்டு நீரில் சிப்பிகளும் நண்டுகளும் போகின்றன. அதற்கென 2004இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு ஒப்பந்தம் 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கரும்பு வண்டுகளைத் தின்னும் என்று நம்பி 1935இல் ஹவாயிலிருந்து குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்த கரும்புத் தேரைகள் 101. தொடக்கத்தில் ஆண்டுக்கு சுமார் 10 கி.மீ. முன்னேறியவை பின்னர் 50 கி.மீ. அளவுக்கு வேகமெடுத்தன. பரவலின் முன்முனைக்கு வேகமானவை மட்டுமே வந்து சேர்கின்றன, அங்கே அவை தங்களுக்குள்ளேயே இணைசேர்கின்றன, கால் நீண்ட தேரைகள் முன்முனையில் மிகுகின்றன. நேற்றைய வேகத்தை வைத்து நாளைய எல்லையைக் கணக்கிட்ட திட்டங்கள் அதனால்தான் பின்தங்கின. மற்றொரு தவறும் உண்டு: வந்த இனம் பல ஆண்டுகள் சிறு எண்ணிக்கையில் சும்மா இருக்கும். 'பரவவில்லை, கவலை வேண்டாம்' என்று எழுதுகிறீர்கள். இணை கிடைக்காமல் தத்தளிக்கும் அந்தக் காலம்தான் ஒழிப்பதற்கு மிகவும் மலிவான காலம்.

காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் இரண்டு மூன்று நாட்களில் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம், இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை.

இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கருவியில் உள்ளபடியே எழுதுங்கள், ஊர்ப்பெயர் மட்டும் போதாது. வயது, பால், தனியா கூட்டமா, பால் கொடுத்த அடையாளம் அல்லது குட்டி உண்டா என்பதைப் படத்தோடு பதியுங்கள். படத்தில் அளவுக்கு ஒரு பொருள் இருக்கட்டும். வளர்ப்பில் இருந்து தப்பியதா என்று பார்க்க: காலில் வளையம், தோலுக்கடியில் மைக்ரோசிப், கம்பியில் உரசி முறிந்த வால் இறகுகள், வளர்ந்து சுருண்ட நகம், கூண்டுக் கம்பியைக் கடித்துத் தேய்ந்த கோரைப்பல், மனிதரைக் கண்டு அஞ்சாமை. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் முடிவுக்கு வராதீர்கள். அஞ்சாமை நோயாலும் வரும்.

முடி என்றால் வேரோடு பதினைந்து, இருபது எடுத்துக் காகித உறையில் போடுங்கள். இறகும் காகித உறையில்தான். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து மரபணு சிதையும், எங்களுக்கு வந்து சேரும் மாதிரிகளில் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். எச்சத்தை அதன் அளவைப்போல் நான்கு மடங்கு 95 விழுக்காட்டு எத்தனாலில் வையுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். அது மரபணுவைக் கெடுத்துவிடும். இறகில் இருக்கும் ஹைட்ரஜன் ஐசோடோப்பு விகிதம், அந்த இறகு முளைத்த இடத்தின் மழைநீரோடு தொடர்புடையது. பறவை எங்கே இறகு உதிர்த்து வளர்த்தது என்பதைப் பெரும் பகுதியளவுக்கு அது காட்டிக்கொடுக்கும், ஊர் சொல்லாது.

பிறகு, ஒரு விலங்கு வந்ததா குடியேறியதா என்ற கேள்வி. ஆண் வந்தால் வருகை. பெண் வந்தால் கவனிக்க வேண்டிய வருகை. குட்டியோ கூடோ கண்டால்தான் குடியேற்றம். பாலூட்டிகளில் முதல் ஆணுக்கும் முதல் குட்டிக்கும் இடையே பல ஆண்டுகள் ஆகலாம், அந்த இடைவெளியில் வழித்தடத்தை விற்றுவிட்டு 'நிலைக்கவில்லை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது.

'இல்லை' என்று எழுதுவதற்கும் கணக்கு உண்டு. ஒரு இடத்தில் இருக்கும் விலங்கை ஒரு முறை போனால் காணும் வாய்ப்பு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை போயும் காணாமல் விடும் வாய்ப்பு 34 விழுக்காடு. ஐந்து முறைக்கு 17. ஒன்பது முறை போனால்தான் அது 4 ஆகக் குறையும். ஒரே ஒரு முறை போய்விட்டு 'இங்கு இல்லை' என்று வரைபடத்தில் வெள்ளையடித்தால், விலங்கு உண்மையில் அங்கே இருக்கும் இடங்களில் பத்துக்கு ஏழில் அது தவறாக முடியும். மேலும், கைபேசிப் படங்களின் எண்ணிக்கை கூடுவதை விலங்கு பரவுவதாக எண்ணிவிடாதீர்கள். சாலையோரத்தில் புள்ளிகள் குவிந்திருந்தால் அது மனிதர்களின் பரவல் வரைபடம்.

விதிகளைப் பற்றி ஒரு சொல். 'வரலாற்றுப் பரவலுக்குள் மட்டுமே' என்று எழுதிய சட்டங்கள், பழைய இடமே வாழத் தகுதியற்றுப்போகும் இனங்களுக்குக் கதவை மூடுகின்றன. அமெரிக்கா 2023இல், சோதனை முறையில் விடப்படும் கூட்டங்களுக்கான விதியில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வரைபட முறையில் இயல்பு, மீள்அறிமுகம், அயல், வழிதவறியது, தோற்றம் ஐயத்துக்குரியது, உதவிக் குடியேற்றம் (காப்பதற்காக நாமே பரவலுக்கு வெளியே கொண்டுபோய் விடுவது) என்று ஆறு வகைகள் ஏற்கெனவே இருக்கின்றன. இங்கிலாந்தில் 1999, 2000 ஆண்டுகளில் இரண்டு வண்ணத்துப்பூச்சி இனங்களை அவற்றின் வடக்கு எல்லைக்கு அப்பால், ஒன்றை சுமார் 65 கி.மீ., மற்றொன்றை சுமார் 35 கி.மீ. தள்ளி, பொருத்தமான இடம் கணித்து விட்டார்கள், நிலைத்தன. இதைப் பார்த்து உற்சாகத்தில் எல்லாவற்றையும் தூக்கிச் செல்லக் கிளம்ப வேண்டாம். கரும்புத் தேரையும் ஒருவருடைய நல்ல எண்ணத்தில்தான் கப்பலேறியது. நோய்ச்சோதனை, உணவுச்செடி, திரும்பப் பிடிக்கும் திட்டம் மூன்றும் எழுத்தில் இல்லாமல் ஒரு விலங்கும் கூண்டு ஏறக்கூடாது.

எனவே உங்கள் படிவத்தில் நாங்கள் கேட்கும் மாற்றம் சிறியது. 'வழிதவறி வந்தது' என்ற கட்டத்தின் இடத்தில் ஏழு கட்டங்கள்: இளம் விலங்கின் பிரிவு, உணவு சார்ந்த கூட்டவருகை, திசைப்பிசகு, பருவநிலை, நிலமாற்றத்தால் திறந்த வழி, மனிதர் சுமந்தது, இன்னும் தெரியவில்லை. ஒன்றுக்கு மேல் குறியிட அனுமதி வேண்டும். அதன் கீழே ஆதாரம் என்ன என்று இரண்டு வரி. மாதிரி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி. அடுத்த பரிசீலனைத் தேதி. மனிதர் சுமந்தது என்ற ஐயம் இருந்தால் அந்தத் தேதி ஒரு வாரத்துக்குள், மற்றவற்றுக்கு ஒரு பருவம் கழித்து. கடைசியாக, பின் எல்லையில் போய்ப் பார்த்து ஒன்றும் காணாத நாட்களுக்கும் அதே படிவத்தை நிரப்பி அனுப்பும்படி உங்கள் களப்பணியாளர்களுக்கு உத்தரவிடுங்கள். எத்தனை முறை போனார்கள், எத்தனை மணி நேரம் தேடினார்கள் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விலங்குகளின் பரவல் எல்லைகளை ஆராயும் களஆய்வாளர்கள்